அடைக்கோழி தன் குஞ்சுகளைக் கொத்துவது ஏன்?

இருபத்தொரு நாள் பசியையும் பாராது அடைகாத்த கோழி, குஞ்சு வெளிவந்த அன்றே அதைக் கொத்திக் கொல்வதுண்டு. கோழியின் துஷ்ட சுபாவமே இதற்குக் காரணமென்றெண்ணிக் குடியானவர் பலர் அதை உடனே சந்தையில் விற்றுவிடுகின்றனர். பெரும்பாலும் குற்றம் கோழியினுடையதன்று. அடை வைத்த முறையினுடையதே.

அடைகாக்கும் குணத்தை நிலைநிறுத்துவது, மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியில் ஊறும் புரோலாக்டின் என்னும் நீராகும். குஞ்சு பொரிக்கும் தறுவாயில் அது குறையத் தொடங்கும். அதன் பின்னர்க் குஞ்சுகளின் குரலும் ஸ்பரிசமுமே கோழியைத் தாயாக நிறுத்துகின்றன. பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்னரே குஞ்சு ஓட்டினுள்ளிருந்து கீச்சிடும். கோழியும் மெல்லிய குரலில் விடை கூறும். இவ்வுறவு தடைப்படின், ஈரத்துடன் வெளிவரும் குஞ்சைக் கோழி அந்நியமாகக் கருதக்கூடும்.

தடை பலவகைப்படும். கடைசி மூன்று நாட்களில் அடிக்கடி கோழியைத் தூக்கிப் பார்த்தல், நாய் பூனைகளின் நடமாட்டம், பிற கோழிகள் அதே கூட்டில் முட்டையிடுதல் ஆகியவை கோழியை வெருட்டும். பகலில் இடுக்குகளில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் உண்ணிகளால் வேதனையுற்ற கோழி பொறுமையிழக்கும். முதன்முறை அடைகாக்கும் பெட்டை திகைத்துக் கொத்துவதுமுண்டு. வெவ்வேறு நாட்களில் அடை வைத்த முட்டைகள் ஒருங்கே பொரிப்பதில்லை. முதற்குஞ்சுகளுடன் கோழி எழுந்துவிடின் எஞ்சியவை குளிர்ந்து கெடும்.

ஆகையால் முட்டைகளை ஒரே நாளில், ஒதுக்கமும் நிழலுமான இடத்தில் வைத்தல் வேண்டும். அடை வைக்குமுன் கூட்டைச் சுத்தி செய்து, புதிய வைக்கோல் பரப்பி, உண்ணிகளை ஒழித்தல் அவசியம். பதினெட்டாம் நாளுக்குப்பின் முட்டைகளைத் தொடலாகாது. தீனியும் நீரும் அருகிலிருத்தல் போதும்.

கோழி கொத்தத் தொடங்கின், குஞ்சுகளை அகற்றி 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்தில் உலர்த்துக. வயிற்றிலுள்ள மஞ்சட்கருவைக் கொண்டு குஞ்சு இரண்டு நாள்வரை தீனியின்றி வாழுமாதலின், பதற்றம் வேண்டா. இருட்டியபின் ஓசையின்றி ஒவ்வொன்றாகக் கோழியின் சிறகடியில் விட்டு, விடியுமுன் சென்று பார்க்க. அப்போதும் கொத்துமாயின் குஞ்சுகளைத் தனியே வளர்த்தலே தக்கது. அவற்றிற்கு முதல் வாரம் மேற்கூறிய வெப்பத்தை அளித்து, பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வருக.

முதலீற்றில் பிழைத்த பெட்டைக்கு மறுமுறையும் வாய்ப்பளித்தல் நலம். அம்முறையும் கொத்துமாயின், அதை முட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அடைக்கு வேறு கோழியைத் தெரிந்துகொள்க. ஓர் அடையின் குஞ்சுகள் ஏழைக் குடும்பத்தின் சிறு முதலாகும். ஆதலின் கோழி வளர்க்கும் பெண்மக்களுக்குக் கிராம அலுவலர்கள் இவற்றை எடுத்துரைப்பாராக.