சுழியோடப் போகுமுன் கேட்க வேண்டியவை

கலவாய், பாரை, சீலா என்று சந்தையில் விலை பேசும் மீன்களைக் கடலுக்கடியில் உயிரோடு பார்க்க ஒலுவில் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் மட்டக்களப்பு, பாசிக்குடா, நிலாவெளிப் புறாத்தீவு என்று வடக்கே போக வேண்டும். அதற்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. வாடைக்காற்றுக் காலத்தில் யார் அழைத்தாலும் இறங்காதீர்கள்.

மீனால் வரும் ஆபத்து

முருகைக்கற்பாரில் வேட்டையாடும் மீன்கள் மனிதரைத் தேடி வருவதில்லை. புறாத்தீவுச் சுறாக்கள் ஆளைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும். இரை நீட்டினாலோ பொந்துக்குள் கைவிட்டாலோதான் அஞ்சாலை கடிக்கும். மினுங்கும் சங்கிலியைச் சீலா சின்ன மீனென்று நினைக்கலாம்; கழற்றி வையுங்கள். முட்டைக்குக் காவல் நிற்கும் பெரிய கிளாத்தி துரத்தினால் மேலே எழும்பாதீர்கள். கூட்டுக்கு மேலே விரியும் நீரும் தன் எல்லை என்றே அது நினைக்கும். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

தள்ளி, அசையாமல் நின்றால் நல்ல காட்சி கிடைக்கும். கலவாய் வாயைப் பிளந்து நிற்க, விரலளவு மீனொன்று உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றுவிட்டுச் சேதமில்லாமல் வெளியே வரும்.

ஆழத்தால் வரும் ஆபத்து

மீனை விட ஆழமே பெரிய ஆபத்து. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீற்றருக்குத்தான். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் கடைசி எல்லையே 40. அங்கே இறங்க "ஒன்றும் ஆகாது, வாங்க" என்று அழைக்கும் பேச்சுக்கு மயங்காதீர்கள்.

உங்கள் உரிமை

காசு கொடுக்குமுன் பயிற்றுநரின் சான்றிதழையும் படகிலுள்ள ஒட்சிசனையும் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம்; தொலைபேசி 1977. வெடியோ நஞ்சோ வைத்து மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். கண்டால் 119க்கு அறிவியுங்கள்.

ஏதும் நடந்துவிட்டால்

மீனின் நச்சு முள் குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சுடுநீரில், 45 பாகைக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேலே வந்தபின் மூட்டுவலி, விறைப்பு, தலைசுற்று கண்டால் படுக்க வைத்து ஒட்சிசன் கொடுத்து, 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். மறுபடி நீரில் இறக்காதீர்கள். சுழியோடிய பின் 18 மணி நேரமாவது விமானப் பயணமும் நுவரெலியா போன்ற மலைப்பயணமும் கூடாது.

சுழியோட விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு ஆழம், கூட்டிப் போகிறவர் யார், படகில் ஒட்சிசன் உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதில் சரியாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.