பெல்ட்டைத் தின்னும் காடி

வருசநாட்டில் சமதரை குறைவு. மூல வைகை இறங்கி வரும் பள்ளத்தை ஒட்டிக் கொஞ்சம் தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல். மற்றபடி கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கமெல்லாம் சரிவும் மேடுமாகக் கிடக்கும் மானாவாரிக் காடுகள், இலவ மரங்கள், மொச்சை. பெரிய டிராக்டரைத் திருப்ப இடமில்லாத துண்டு நிலங்களுக்குப் பவர் டில்லர்தான் தோது. 1967இல் பெங்களூரில் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டுடன் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனமும், 1973இல் கேரளத்தின் அத்தாணியில் குபோட்டா தொழில்நுட்பத்துடன் வந்த காம்கோவும் இந்த இரண்டு சக்கர வண்டியை நம் பக்கத்து விவசாயிக்குப் பழக்கப்படுத்தின.

இந்த வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. இடது கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் அறுபடும். வலது சக்கரம் மட்டும் ஓடி வண்டியை இடப்பக்கம் திருப்பிவிடும். பெரிய மைதானங்களில் புல் அறுக்க வெளிநாடுகளில் ஓட்டும் 'ஜீரோ டர்ன்' வண்டியும் இதே வழியில்தான் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. 1960களில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிரபலமான அந்த வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி எண்ணெய் பம்பு. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்ட முடியும். நம் டில்லரில் அந்த வசதி இல்லை. ஆனால் எஞ்சின் சக்தி சக்கரத்துக்குப் போகும் முதல் படி இரண்டிலும் ஒன்றுதான்: ரப்பர் பெல்ட்டும் அது ஓடும் புல்லியும்.

சரிவில் டில்லர் ஓட்டுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் போகும்போது இடது விசையை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். எஞ்சினோடு இணைந்த சக்கரத்தை எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விடுபட்ட சக்கரம் சரிவில் தன்போக்கில் உருண்டு முந்திக்கொள்ளும். பழக்கமில்லாதவர் பதறிப்போய் இன்னும் அழுத்துவார், வண்டி இன்னும் தப்பான பக்கம் போகும். இறக்கத்தில் விசையைத் தொடாமல், தாழ்ந்த கியரில், கைப்பிடியைத் தள்ளித் திருப்புவதே பாதுகாப்பு.

இனி பெல்ட்டுக்கு வருவோம். உழவு நாட்களில் டில்லர்காரர்களிடம் அதிகம் காதில் விழும் புலம்பல், "பெல்ட்டு நிக்க மாட்டேங்குது" என்பதுதான். புதுசு போட்டால் சில நாளில் வழுக்குகிறது, கருகிய வாடை வருகிறது, ஓரம் பிய்கிறது. கடைக்காரர் மேல், கம்பெனி மேல், ரப்பர் மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பெரும்பகுதி இடம் மாறிப்போனது என்பது என் உறுதியான எண்ணம். பல வண்டிகளில் பெல்ட்டைத் தின்றுகொண்டிருப்பது தேய்ந்த புல்லியின் காடி, அதாவது பெல்ட் உட்கார்ந்து ஓடும் பள்ளம்.

ஏன் என்று புரிய ஒரு மரமும் கயிறும் போதும். முரட்டுக் காளையைப் பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட மாட்டார். பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை லேசாகப் பிடித்துக்கொள்வார். காளை எவ்வளவு இழுத்தாலும் நிற்கும். ஆயிலர் என்ற சுவிஸ் கணித மேதை 18ஆம் நூற்றாண்டில் இதற்குக் கணக்கு எழுதினார். பிடிப்பு, சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்தால், இரண்டு சுற்றில் ஒரு கிலோ பிடி 43 கிலோ இழுப்பைத் தாங்கும். மூன்று சுற்றில் 285 கிலோ.

பெல்ட் புல்லியை முழுச் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை, கிட்டத்தட்ட அரை வட்டம்தான் தொடுகிறது. அந்தக் காலத்து அரிசி ஆலைகளில் ஓடிய தட்டைத் தோல் பட்டைக்கு இந்தக் கணக்குப்படி இழுக்கும் பக்கமும் தளர்ந்த பக்கமும் சுமார் இரண்டரைக்கு ஒன்று என்ற விகிதம்தான் கிடைக்கும். அதனால்தான் அந்தப் பட்டைகள் அவ்வளவு அகலமாக, அவ்வளவு விறைப்பாக இருந்தன. 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரும் நெய்த நூலும் சேர்த்து ஆப்பு வடிவப் பட்டை செய்தார். அதுதான் வி-பெல்ட். அது காடிக்குள் இறங்கி இரு சுவர்களுக்கு நடுவே ஆப்புப் போல நெருக்கிக்கொள்கிறது. விறகு பிளக்கிறவர் ஆப்பின் மேல் போடும் ஓர் அடி, பக்கவாட்டில் பல மடங்கு நெருக்குதலாக மாறுகிறதல்லவா, அதே வேலை. 34 டிகிரி காடியில் பிடிப்பு எண் மூன்று மடங்குக்கும் மேல் உயர்கிறது. இரண்டரைக்கு ஒன்று என்றிருந்த விகிதம், ஏட்டுக் கணக்கில் இருபத்தைந்துக்கு ஒன்றாகிவிடும்.

ஒரு டில்லருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 13 குதிரைத்திறன் எஞ்சின், நிமிடத்துக்கு 2400 சுற்று, எஞ்சின் புல்லியின் விட்டம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பெல்ட் விநாடிக்கு 15 மீட்டர் ஓடும். மணிக்கு 54 கிலோமீட்டர். சக்தியைக் கடத்த அது சுமார் 66 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். வி-பெல்ட் ஒழுங்காக ஆப்பு இறுகி ஓடினால், பெல்ட்டின் இரு பக்கமும் சேர்ந்து அச்சின் மேல் விழும் சுமை 72 கிலோ அளவுக்கு இறங்கலாம். தட்டைப் பட்டையாக இருந்தால் அதுவே 150 கிலோ.

இப்போது காடி தேய்ந்துபோனது என்று நினைத்துப் பாருங்கள். மண்ணும் தூசியும் ரப்பரோடு சேர்ந்து உப்புத்தாளைப் போல இரும்பைத் தேய்க்கின்றன. நேராக இருந்த காடிச் சுவர் உள்வாங்கிக் குழிகிறது, பெல்ட் கீழே இறங்கிக் காடியின் அடித்தளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அடியில் உட்கார்ந்த பிறகு சுவரை நெருக்க அதற்கு வழியில்லை. ஆப்பு போய்விட்டது, தட்டைப் பட்டை ஆகிவிட்டது. வழுக்கத் தொடங்கும். ஓட்டுகிறவர் என்ன செய்வார்? இறுக்குவார். மறுபடி வழுக்கும், மறுபடி இறுக்குவார். 72 கிலோ தாங்கிய பேரிங் இப்போது 150 கிலோ தாங்குகிறது. ஒரு புல்லியோடு முடிந்திருக்க வேண்டிய கதை, பேரிங், எண்ணெய் சீல், அச்சு என்று வளரும்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, காடிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். சுவர் குழிந்திருந்தால் நகம் சொல்லிவிடும். காடியின் அடித்தளம் கண்ணாடி போலப் பளபளத்தால் பெல்ட் அங்கே உட்கார்ந்து ஓடியிருக்கிறது, புல்லியை மாற்றியே ஆக வேண்டும். புது பெல்ட்டை வைத்துப் பார்க்கும்போது அதன் மேல்பரப்பு புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும்.

மாற்றுகிற வேலையில்தான் பல புல்லிகளுக்கு ஆயுசு போகிறது. வார்ப்பிரும்பு நெருக்கத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. விளிம்பில் சுத்தியல் போட்டால் விண்டுவிடும். அந்த அடி அச்சு வழியாகப் போய்ப் பேரிங் குண்டுகளின் பாதையில் பள்ளம் போடும். நடு நட்டை, பூட்டு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, மூன்று கால் புல்லரைப் போட்டு நிதானமாக இழுக்க வேண்டும். துருப் பிடித்து வராவிட்டால் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்கலாம். புல்லியின் நடுப்பகுதியைச் சூடேற்றலாம், 25 மி.மீ. துளை 100 டிகிரி கூடுதல் சூட்டில் 0.03 மி.மீ. விரியும். கேட்க அற்பம், ஆனால் பிடிப்பை விடுவிக்க அதுவே போதும். சீலும் டீசலும் பக்கத்தில் இருந்தால் நெருப்பை நினைக்கவே வேண்டாம். அச்சுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்கும் 'கீ' நசுங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய கீயை வைத்துப் புதுப் புல்லி மாட்டினால் காடி பிழைக்கும், துளை தேயும்.

லேத்தில் கடைந்து வாங்குகிறவர்கள் ஒன்றைச் சொல்லி வாங்க வேண்டும். பெல்ட்டின் கோணம் 40 டிகிரி. அதற்காகக் காடியையும் 40 டிகிரியில் கடையக் கூடாது. வளையும்போது பெல்ட்டின் மேல்புறம் இழுபட்டு ஒடுங்கும், அடிப்புறம் அமுங்கிப் பிதுங்கும், கோணம் குறைந்துவிடும். புல்லி சிறிதாக ஆக வளைவு அதிகம். 17 மி.மீ. அகலமுள்ள 'பி' வகை பெல்ட்டுக்கு 190 மி.மீ. வரை விட்டமுள்ள புல்லியில் 34 டிகிரி, அதற்கு மேல் 38. இந்த நான்கு டிகிரி தவறினால் புத்தம் புதுப் புல்லியும் முதல் நாளே பெல்ட்டைக் கடிக்கும்.

மாட்டிய பின் இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பது போலத்தான். பல பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையது நீண்டிருக்கும், புதியது ஒன்றே எல்லாச் சுமையையும் சுமந்து அறும். இறுக்கத்துக்குக் கணக்கு, இரண்டு புல்லிக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. அமுங்க வேண்டும், அரை மீட்டர் என்றால் 8. புது பெல்ட் முதல் நாள் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும் என்பதால் மறுநாள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பெல்ட் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்குக் கால் விநாடியாவது ஆகும். அதற்குள் அந்தப் பெல்ட் மூன்று மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். துண்டின் நுனியோ வேட்டியின் ஓரமோ மாட்டினால் திருப்பி எடுக்க நேரமே இல்லை. அடுத்த உழவுக்கு முன், எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை காடியைத் தடவிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் மூடியை மறக்காமல் மாட்டுங்கள்.