பழைய ஜன்னல் கண்ணாடியில் நாற்று கூண்டு: மேலே நிழல் இல்லாட்டி கன்னு அவிஞ்சிடும்!

புதுக்கோட்டை:-

வீடு இடிக்கிற இடத்திலும், காயலான் கடையிலும் பழைய ஜன்னல் கண்ணாடி சல்லிசாக கிடைக்கிறது. இதை வைத்து வெளிநாட்டில் கண்ணாடி வீடு கட்டி செடி வளர்க்கிறார்கள். நம்ம ஊரிலும் அதே மாதிரி கட்டினால் போட்ட காசு வீண்தான். அங்கே கண்ணாடி வைப்பது குளிருக்கு. நமக்கு பிரச்சினையே வெயில்தான்.

பூட்டிய கார் மாதிரி

வெயிலில் கதவை சாத்தி நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே போகும். சூடு வெளியே வர வழியில்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் கண்ணாடி மாளிகை இருக்கிறது. அது மலைக்குளிர். சித்திரை வெயில் 100 டிகிரியை தாண்டும் புதுக்கோட்டையில் கன்னு ஒரே நாளில் அவிஞ்சு போகும்.

வேர் பிடிக்க உதவும்

ஆனாலும் கண்ணாடிக்கு இங்கே ஒரு வேலை உண்டு. மல்லிகை, முல்லை குச்சியை வெட்டி நட்டால் வேர் விடும் முன்பே இலை காய்ந்து விடுகிறது. மூடிய கூண்டில் ஈரம் வெளியே போகாது. ஆவியான தண்ணீர் கண்ணாடியில் முத்து முத்தாக கோத்து மறுபடி மண்ணிலேயே விழும். லண்டன் டாக்டர் நத்தானியேல் வார்டு 1829-ல் கண்டுபிடித்த சங்கதி இது. பின்னாளில் சீனாவில் இருந்து தேயிலை கன்றுகள் இப்படிப்பட்ட கண்ணாடி பெட்டியில்தான் கப்பலேறி இந்தியா வந்தன.

செய்வது எப்படி?

செங்கல்லை ஒன்றரை அடி உயரம் அடுக்கி, உள்ளே மணலும் மக்கிய எருவும் கலந்து கொட்டவும். ஜன்னலை சட்டத்தோடு சரிவாக மேலே வைக்கவும். கண்ணாடி ஆடாமல் இருக்க பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி விளிம்பில் வைக்கலாம். அதற்கு மேலே பச்சை நிழல்வலை கட்டாயம். வலை வாங்க வசதி இல்லாதவர்கள் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசலாம். மழை பெய்தால் கரைந்து விடும், திரும்ப பூச வேண்டும்.

காலையில் கொஞ்ச நேரம் திறந்து வைக்கவும். இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும். வேர் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

உஷார்!

தென்னை மரத்தடியில் மட்டும் வைக்காதீர்கள். மட்டை விழுந்தால் அம்புட்டுதான். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி சில்லு தெறிக்கும். குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டவே வேண்டாம். கழற்றும் போது கையில் கனத்த துணியை சுற்றிக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதியில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக கண்ணாடியை கழற்றி வீட்டுக்குள் படுக்க வைத்து விடுங்கள்.

பெரிய அளவில் கன்று வளர்க்க கண்ணாடி தேவையில்லை, நிழல்வலை குடில் போதும். யோசனைக்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மானியம் பற்றி அறிய வட்டார தோட்டக்கலை அலுவலகத்தையும் அணுகலாம்.