தாய்மொழியில் தேர்வெழுதும் உரிமை

தேர்வென்பது ஒரு தராசு. தராசின் தட்டுக்கள் ஒத்திராவிடின் நிறையும் பிழைபடும் என்பதைக் காரைக்குடிக் கடைவீதியைக் கண்டு வளர்ந்த எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு மாணவனது கணித அறிவை நிறுக்கப் புகுந்த தேர்வு, அவன் நன்கறியாத மொழியில் வினாவை விடுக்குமாயின், அது நிறுப்பது கணிதத்தையோ, அன்றி அம்மொழிப் பயிற்சியையோ? இவ்வினாவையொட்டி அண்மைக் காலத்துத் தமிழ்நாட்டில் எழுந்த இரண்டு வழக்குகளை ஈண்டு விளக்கி, அவற்றால் யாம் உணர்ந்ததனையும் கூற விழைகின்றோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். கணிதம், அறிவியல், வரலாறு முதலியவற்றை எம்மொழி வாயிலாகக் கற்று விடை எழுதுகின்றோமோ, அது பயிற்றுமொழி. ஒரு மொழியையே பாடமாகக் கொண்டு கற்பது மொழிப்பாடம். தாய்மொழியில் தேர்வெழுதும் உரிமை இவ்விரண்டையும் தழுவியது. முதல் வழக்கு பயிற்றுமொழி பற்றியது. இரண்டாவது மொழிப்பாடம் பற்றியது.

அறிவியலைத் தமிழிற் கற்பித்தல் இயலாதென்பார் இன்றும் உளர். அவர்க்கு விடை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உள்ளது. அமெரிக்க மிஷனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ஆம் ஆண்டில் இலங்கை அடைந்தார். தாம் தமிழ் கற்றார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். 1864 முதல் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். பிறநாட்டார் ஒருவர்க்கு அன்று கைகூடியது, தமிழராகிய நமக்கு இன்று கைகூடாதென்பது சோம்பலின் கூற்றேயன்றி அறிவின் கூற்றன்று.

இனி, முதல் வழக்கினை நோக்குவோம். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்குரிய 'நீட்' என்னும் தேர்வினை 2017 முதல் தமிழிலும் எழுத இடந்தரப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் 24,000-க்கு மேற்பட்டோர் தமிழில் எழுதினர். வினாக்கள் 180, மொத்த மதிப்பெண் 720. அவற்றுள் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழைபட்டதென முறையீடு எழுந்தது. 'சீட்டா' என்னும் விலங்கின் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்காது 'சீத்தா' என்றே அச்சிட்டிருந்தமை அப்பிழைகளுள் ஒன்று. விலங்கை அறிந்த மாணவனும் வினாவை அறியாது மயங்கினான். ஐயம் நேரின் ஆங்கில வினாவே முடிவானது என்பது அத்தேர்வின் விதி. ஆங்கிலம் நன்கறியாமையாலன்றோ அவன் தமிழை நாடினான்? அவனையே ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள் என்பது, கண்ணில்லாதவனை விளக்கைப் பார்த்து நடவென்பதை ஒக்கும்.

2018 சூலை 10-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அம்மாதமே அதனைத் தடுத்து நிறுத்தி, நவம்பர்த் திங்களில் அவ்வாணையை நீக்கியது. தமிழில் எழுதிய அனைவர்க்கும் ஒருசேர அத்துணை மதிப்பெண் வழங்கின், பிறமொழியில் எழுதினார்க்கு முறையாகுமோ என்பதும் எண்ணற்பாலதே. எனினும் ஒன்று தெளிவாயிற்று: தாள் தமிழிற் கிடைத்த அளவில் உரிமை நிறைவுறாது; அத்தமிழ் பிழையற்றதாகவும் இருத்தல் வேண்டும். தேர்வு முடிந்தபின் தேடும் பரிகாரம் காலங்கடந்தது; அச்சேறுமுன் தமிழறிந்தாரும் துறையறிந்தாரும் கூடித் திருத்துவதே பரிகாரம்.

நிற்க. இதுகாறும் நமக்காக வழக்குரைத்தோம். இரண்டாவது வழக்கில் நாம் எதிர்ப்பக்கத்தே நிற்கின்றோம்.

தமிழ்நாட்டுத் தமிழ் கற்றல் சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படித் தமிழ், முதற்பகுதிக்குரிய கட்டாயப் பாடமாக முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2015-16-ஆம் கல்வியாண்டிற் பத்தாம் வகுப்பை எட்டியது. அதற்கு முன்னர்த் தெலுங்கு, உருது, கன்னடம், மலையாளம் முதலியவற்றைத் தாய்மொழியாக உடைய மாணவர் முதற்பகுதியில் அம்மொழியையே எழுதி வந்தனர். சட்டத்தின்பின் அவர்தம் மொழி விருப்பப்பாடமாயிற்று. மாணவர் தரப்பினர் கூறிய குறைகள் இரண்டு: சிறுபான்மையோர் பள்ளிகள் பலவற்றில் தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர் அமர்த்தப்படவில்லை என்பது ஒன்று, தாய்மொழியிற் பெற்ற மதிப்பெண் கூட்டுத்தொகையிற் சேரவில்லை என்பது மற்றொன்று. 2016 முதல் நீதிமன்றங்கள் அவ்வப்போது விலக்களித்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அவ்விலக்கை ஓராண்டு நீட்டித்தது.

தமிழ்த்தாய்க்குக் கோயிலெடுத்த ஊர் எம் காரைக்குடி. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் யாம், தமிழ் கட்டாயமாயிற்று என்று கேட்டவுடன் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒசூர்ப் பக்கத்துத் தெலுங்குச் சிறுவனொருவனை எண்ணிப் பார்த்தபோது எம் மகிழ்ச்சி சிறிது தயங்கிற்று. ஆங்கிலத் தாளின்முன் மருண்ட தமிழ் மாணவனுக்கும், ஆசிரியரின்றிப் படித்த தமிழ்த் தாளின்முன் மருளும் இச்சிறுவனுக்கும் வேற்றுமை யாது?

எம் நாட்டு நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல்கடந்து சென்றவர்கள். அம்மலேசிய நாட்டில் இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. அங்கே தமிழ்க் குழந்தை சிறுபான்மையைச் சார்ந்தது. அது தன் தொடக்கக் கல்வியைத் தமிழிற் கற்பதை நாம் உரிமையென்று போற்றுகின்றோம். அங்கே உரிமையாவது இங்கே சலுகையாதல் எங்ஙனம்? நமக்குப் பிறர் செய்ய வேண்டுமென விரும்புவதை நாம் பிறர்க்குச் செய்தல் வேண்டும் என்று நம் வேதமும் கற்பிக்கின்றது. இந்திய அரசியலமைப்பிற் 1956-இற் சேர்க்கப்பட்ட 350அ என்னும் பிரிவும், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தலை மாநிலங்களின் பொறுப்பாக்கியுள்ளது.

தமிழ்நாட்டில் வாழ்வார் தமிழறிய வேண்டாவோ எனின், வேண்டும் என்பதே எம் துணிபு. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் சந்தையிலும் வழங்கும் மொழியை அறியாதவன் தன் ஊரிலேயே அயலானாவான். ஆகவே தமிழைக் கற்பித்தல் அவர்க்குச் செய்யும் நன்மையே. ஆயினும் கற்பித்தல் முன்னும் தேர்வு பின்னும் வருதல் முறை. நல்லாசிரியரைத் தந்து, காலமுந் தந்து, அதன்பின் தேர்க. அத்துடன் அவர்தம் தாய்மொழிப் பாடத்துக்கும் மதிப்பெண் அளித்து மொத்தத்திற் சேர்க்க. இவை செய்யின் தமிழுக்குக் குறைவொன்றும் நேராது. ஆசிரியரை அளியாது தோல்வியை மட்டும் அளிப்பின், அச்சிறுவன் தமிழைக் கற்பதற்கு முன்னரே வெறுக்கக் கற்பான்.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் ஆசிரியராகச் செல்வார் பலர். வினாத்தாள் வகுப்போரும், பெயர்ப்போரும், விடைத்தாள் திருத்துவோரும் அவருள் தோன்றலாம். அவர்க்கெல்லாம் எம் வேண்டுகோள் ஒன்றே: தாளின் மறுபக்கத்தே ஒரு குழந்தை அமர்ந்திருப்பதை மறவற்க. அதன் நாவிற் பிறந்த மொழி எதுவாயினும், அது தான் அறிந்ததைத் தடையின்றிச் சொல்ல இடந்தருவதே நேரிய தராசாகும்.