துளிகளுக்குக் கணினி ஏன் பாதை போடுகிறது?

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற பொறியியல் வளாகங்களில், மின்சுற்றுச் சில்லைக் கணினி உதவியோடு வடிவமைப்பது பழகிப்போன வேலை. அதே கலை இப்போது, ஆய்வகச் சோதனைகளைச் செய்யும் ‘ஆய்வகச் சில்லு’க்கும் வந்திருக்கிறது. இங்கே ஓடுவது மின்சாரம் அல்ல, திரவத் துளிகள்.

துளி எப்படி நகர்கிறது?
சில்லில் சதுரங்கக் கட்டங்கள்போல் மின்முனைகள். அவற்றின்மேல் நீர் ஒட்டாத பூச்சு. பக்கத்துக் கட்டத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் துளி அங்கே நகர்ந்துவிடும். பம்ப், குழாய் எதுவும் வேண்டாம்.

கணினி எதற்கு?
அடுத்தடுத்த கட்டங்களில் நின்றாலே இரு துளிகள் ஒன்றாகிவிடும். எனவே, நகரும்போதும் நடுவே ஒரு கட்டம் காலியாக இருக்க வேண்டும். துளிகள் பெருகினால் கையால் திட்டமிட முடியாது. எந்த வேலை எப்போது, எந்த இடத்தில், எந்தப் பாதையில் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. ஒரு மின்முனை பழுதானால் அதை ஒதுக்கி, வேறு வழி போடுகிறது.

கலவையிலும் கணக்கு உண்டு. 3/8 செறிவு வேண்டுமா? சோதனை மாதிரியோடு சம அளவு நீர்க்கச் செய்யும் கரைசல் சேர்த்தால் 1/2. அதில் சம அளவு மாதிரி சேர்த்தால் 3/4. மீண்டும் சம அளவு கரைசல் சேர்த்தால் 3/8. ஒவ்வொரு படியிலும் இரு துளிகள் கலந்து இரண்டாகப் பிரிவதால், ஒரு துளி மிஞ்சி வீணாகும். இந்த விரயத்தைக் குறைக்கும் வழிமுறைகளைக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பார்கப் பட்டாச்சார்யா, டியூக் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணேந்து சக்ரபர்த்தி முதலானோர் 2010இல் வெளியிட்டார்கள்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தில் அரிய நோய்களைக் கண்டறிய, துளிச் சில்லில் இயங்கும் கருவிக்கு அமெரிக்க அரசு 2017இல் அனுமதி தந்தது. இரத்தம் அவ்வளவுதான் கிடைக்கும் என்பதால், துளியை வீணாக்காத வடிவமைப்பு அந்தக் குழந்தைக்குச் செய்யும் நேரடி உதவி.