வட்டு நிரம்பும்போது: லினக்ஸ் மெய்நிகர் கணினிக்கு இடம் சேர்த்தல்

லினக்ஸில் இயங்கும் மெய்நிகர் கணினியின் வட்டைப் பெரிதாக்குவது பார்வைக்கு ஒரே வேலை. உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கைந்து வேலைகள். மெய்நிகர் கணினிக்கென்று தனி வன்தட்டு கிடையாது. பெரிய சேர்வர் ஒன்றின் சேமிப்பகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு பங்கைத் தன் வட்டென்று எண்ணிக்கொண்டு அது இயங்குகிறது. அந்தப் பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சில நொடிகள் போதும். கூட்டிய இடம் மட்டும் உள்ளிருக்கும் கோப்புகளுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. வட்டு, அதன் பிரிவு அட்டவணை, தருக்கத் தொகுதி, கோப்பு முறைமை ஆகிய ஒவ்வொன்றும் தன் அளவைத் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறது. வெளியடுக்கில் தொடங்கி உள்ளடுக்குவரை ஒவ்வொன்றிலும் அந்த அளவைத் திருத்த வேண்டும். ஓரடுக்கைத் தவறவிட்டால் சேர்த்த இடம் கண்ணில் படும், கைக்கு எட்டாது.

இலங்கையில் இந்த வேலை எவ்வளவு அவசியமானது என்பதைப் பல்கலைக்கழகங்கள் 2020இல் நன்றாக உணர்ந்தன. அவ்வாண்டு மார்ச் நடுப்பகுதியில் கொவிட் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. கண்டிக்கு அருகே மகாவலிக் கரையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விடுதிகளும் வெறிச்சோடின. மாணவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பினர்; விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி, ஆய்வு வலையமைப்பான லேர்ன் வழியாக ஸூம் வசதி கிடைத்தது. பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இடமளித்தன. வகுப்பறையில் வாயால் சொன்னதெல்லாம் அதன்பின் கோப்புகளாயின. விரிவுரைப் பதிவுகள், குறிப்புகள், கையால் எழுதிக் கைபேசியில் படமெடுத்து அனுப்பிய ஒப்படைகள் எல்லாமே ஏதோவொரு சேர்வரின் வட்டில் இடம் பிடித்தன.

பேராதனையிலும் வேறு பல பல்கலைக்கழகங்களிலும் பீடங்களின் கற்றல் தளங்கள் மூடில் என்ற திறந்த மூல மென்பொருளில் இயங்குகின்றன. அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூஜியமாஸ் உருவாக்கிய இந்த மென்பொருளின் முதற் பதிப்பு 2002இல் வெளிவந்தது. வட்டு நிரம்பும் விதத்தைப் புரிந்துகொள்ள மூடில் நல்ல எடுத்துக்காட்டு. பதிவேற்றும் கோப்பு எதுவானாலும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நீண்ட குறியீட்டையே பெயராக வைத்து அது சேமிக்கிறது. ஒரே பாடக்குறிப்பை மூன்று விரிவுரையாளர்கள் தனித்தனியே ஏற்றினாலும் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும். இவ்வளவு சிக்கனமாக நடந்துகொள்ளும் மென்பொருளின் வட்டும் நிரம்பவே செய்கிறது. இருநூறு மாணவர் அனுப்பும் இருநூறு ஒப்படைகளும் இருநூறு வெவ்வேறு கோப்புகள். பாடநெறிகளைத் தானாகக் காப்புப்பிரதி எடுக்கும் வசதியை இயக்கிவிட்டு, அந்தப் பிரதிகளை அதே வட்டில் விட்டுவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அழித்த கோப்புகளும் உடனே போய்விடுவதில்லை. குப்பைக் கோப்புறையில் சிறிது காலம் தங்கியிருந்த பின்னரே நீங்குகின்றன.

ஆகவே வட்டைப் பெரிதாக்கும் முன் அதை நிரப்பியது எதுவென்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுபவர்கள் அடுத்த மாதமும் அதே வேலைக்குத் திரும்பி வருகிறார்கள். டிஎஃப் என்ற கட்டளை கோப்பு முறைமையில் எவ்வளவு இடம் செலவாகியிருக்கிறது என்று சொல்லும். டியூ என்ற கட்டளை எந்தக் கோப்புறை எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். இரண்டின் கணக்கும் பெரிதாக முரண்பட்டால், அழிக்கப்பட்ட பின்னரும் ஏதோவொரு நிரல் திறந்து வைத்திருக்கும் பதிவேட்டுக் கோப்பு காரணமாக இருக்கலாம். அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும். சில வேளைகளில் ஜிகாபைட் கணக்கில் இடம் மிச்சமிருந்தும் புதிய கோப்பை எழுத முடியாது. கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் ஐநோட் என்ற பதிவுகள் தீர்ந்துபோனதன் அறிகுறி அது. இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகளைக் குவிக்கும் தளங்களில் இது நேர்கிறது. எக்ஸ்ட்4 வகைக் கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை நிருவாகப் பயனருக்கென ஒதுக்கி வைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 ஜிகாபைட் வட்டில் இதுவே 5 ஜிகாபைட்.

உண்மையிலேயே இடம் போதவில்லை என்று தெரிந்தால் முதல் வேலை காப்புப்பிரதி. மெய்நிகர் கணினிகளை இயக்கும் மெய்நிகராக்க மென்பொருளில், வட்டின் ஒரு கணத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் காப்புப்பிரதியாகாது, ஏனெனில் அதுவும் அதே சேமிப்பகத்தில்தான் இருக்கிறது. சேமிப்பகம் பழுதானால் வட்டும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். தவிர, விஎம்வேர் போன்ற மென்பொருள்களில் ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை வட்டைப் பெரிதாக்கவே முடியாது. பிரதி வேறொரு சேர்வரில், முடிந்தால் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. இன்றைய கோப்பு முறைமைகள் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், திடீர் மின்தடையால் வரும் சேதம் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். பிரிவு அட்டவணையைத் திருத்தும் நேரத்திலும் கோப்பு முறைமையின் அளவை மாற்றும் நேரத்திலும் அந்த நம்பிக்கையை மட்டும் வைத்து வேலை செய்வது பொறுப்பாகாது. யூபிஎஸ் மின்கலத்தின் நிலையைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

அடுத்தது வெளியடுக்கு. பிரதான சேர்வரில் மெய்நிகர் வட்டு ஒரு பெரிய கோப்பாகவோ சேமிப்பகத்தின் ஒரு தொகுதியாகவோ இருக்கும். விஎம்வேர், புரொக்ஸ்மொக்ஸ், கேவிஎம் என எதுவானாலும் நிருவாகத் திரையிலோ கட்டளையிலோ புதிய அளவைக் கொடுத்தால் போதும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டுக் கோப்பைக் கியூஈஎம்யூ-இமேஜ் போன்ற கருவியால் வெளியிலிருந்து நேரடியாக நீட்டினால் கோப்பு சிதைந்துபோகலாம். மெய்நிகராக்க மென்பொருளின் வழியாகவே மாற்றம் நடக்க வேண்டும்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. மெய்நிகர் வட்டுகள் பலவும் மெல்லொதுக்கீட்டு முறையில் உருவாக்கப்படுகின்றன. 200 ஜிகாபைட் தருவதாகக் கணினியிடம் சொல்லிவிட்டு, அது எழுத எழுத மட்டுமே உண்மையான இடத்தைக் கொடுப்பது இம்முறை. இதனால் வாங்கிய வன்தட்டுகளை முழுமையாகப் பயன்படுத்த முடிகிறது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, புதிய வன்தட்டு வாங்குவது எந்த நிறுவனத்துக்கும் எளிதாக இருக்கவில்லை. இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் ஏற்பாடு அத்தகைய காலத்தில் பெரும் உதவி. அதன் ஆபத்தும் அதே அளவு பெரிது. பத்துக் கணினிகளுக்குத் தருவதாகச் சொன்ன இடத்தின் மொத்தம் உண்மையான சேமிப்பகத்தை மிஞ்சி, சேமிப்பகம் நிரம்பிவிட்டால் பத்தும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். வட்டைப் பெரிதாக்கும் முன் பிரதான சேர்வரில் உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

வெளியே கூட்டிய அளவை உள்ளிருக்கும் லினக்ஸின் மையப்பகுதியான கருனல் அறிய வேண்டும். வேர்ட்டியோ வகை வட்டானால் செய்தி உடனே போய்ச் சேரும். ஸ்கஸி வகையானால் வட்டை மறுபடி பார்க்கும்படி கருனலுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கணினியை நிறுத்தித் தொடங்கினாலும் சரிதான். எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் பட்டியலில் வட்டு 200 ஜிகாபைட்டாகவும், அதனுள்ளிருக்கும் பிரிவு பழைய 100 ஜிகாபைட்டாகவும் இருந்தால் இந்தப் படி முடிந்துவிட்டது என்று பொருள்.

இனி வருவது பிரிவு அட்டவணை. முழு வேலையிலும் மிகக் கவனமாகக் கைவைக்க வேண்டிய இடம் இது. வட்டு ஒரு காணியானால் பிரிவு அட்டவணை அதன் உறுதி. பக்கத்துக் காணி சேர்ந்துவிட்டாலும், உறுதியில் எல்லையை மாற்றி எழுதும்வரை பழைய எல்லையே செல்லும். குரோபார்ட் என்ற சிறு கருவி பிரிவின் முடிவெல்லையை வட்டின் கடைசிவரை நகர்த்தித் தருகிறது. தொடக்க எல்லையை அது தொடுவதில்லை. எஃப்டிஸ்க் கொண்டு கையால் செய்பவர்கள் பிரிவை அழித்துவிட்டு அதே தொடக்க எண்ணில் மீண்டும் உருவாக்குகிறார்கள். அழிப்பது அட்டவணையின் ஒரு வரியை மட்டுமே. தரவு அப்படியே இருக்கிறது. தொடக்க எண் ஒன்று பிசகினாலும் கோப்பு முறைமை இருக்குமிடம் கருனலுக்குத் தெரியாமல் போகும். பழைய கோப்பு முறைமையின் அடையாளத்தை நீக்கவா என்று எஃப்டிஸ்க் கேட்கும்போது வேண்டாம் என்றே பதில் சொல்ல வேண்டும்.

அட்டவணை இருவகை. பழைய எம்பிஆர் அட்டவணை வழக்கமான 512 பைட் துண்டுகளில் 2 டெராபைட்டுக்கு அப்பால் எட்டாது. அதற்குமேல் வட்டை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. ஜிபிடி அட்டவணைக்கு அந்த எல்லை இல்லை. அது தன் மாற்றுப் பிரதியை வட்டின் கடைசியில் வைத்துக்கொள்கிறது. வட்டு நீண்டவுடன் அந்தப் பிரதி நடுவில் நிற்பதுபோல் ஆகிவிடும். கருவிகள் அதைச் சுட்டிக்காட்டிச் சரிசெய்யவா என்று கேட்கும். பலரும் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். இது கோளாறல்ல, எதிர்பார்க்க வேண்டிய செய்தியே.

உண்மையான தடங்கல் வேறிடத்தில் வருகிறது. பழைய முறையில் நிறுவிய கணினிகளில் பிரதான பிரிவுக்குப் பின்னால், வட்டின் கடைசியில், இடமாற்று நினைவகத்துக்கான ஸ்வாப் பிரிவு உட்கார்ந்திருக்கும். புதிய இடம் அதற்கும் பின்னால் கிடக்கும். பிரதான பிரிவு நீள வழியிருக்காது. ஸ்வாப்பை நிறுத்தி, அந்தப் பிரிவை நீக்கி, பிரதான பிரிவை நீட்டிய பிறகு ஸ்வாப்பை ஒரு கோப்பாக அமைத்துக்கொள்வதே எளிய வழி. கணினி தொடங்கும்போது படிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் பழைய ஸ்வாப்பின் வரியை மாற்ற வேண்டும்.

இத்தகைய நெருக்கடிகளிலிருந்து காப்பதற்கென்றே எல்விஎம் என்ற ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸுக்காக இதை 1998இல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் எழுதினார். வட்டுகளையும் பிரிவுகளையும் ஒரு பொதுக் குளமாகச் சேர்த்து, அதிலிருந்து வேண்டிய அளவில் தருக்கத் தொகுதிகளை வெட்டித் தருவது இதன் வேலை. பிரிவை நீட்டியபின் பிவிரீசைஸ் கட்டளை குளத்துக்குப் புதிய அளவை அறிவிக்கும். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளை தொகுதியை நீட்டும். ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கோப்பு முறைமையையும் கூடவே நீட்டிவிடும். உபுண்டு சேர்வரை நிறுவுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்விஎம்மைத் தேர்ந்தால் நடுத்தர அளவு வட்டுகளில் நிறுவல் நிரல் ஏறத்தாழப் பாதி இடத்தையே தொகுதிக்குக் கொடுத்து, மீதியைக் குளத்தில் விட்டுவைக்கிறது. வட்டு நிரம்பிவிட்டது என்று தவிக்கும் கணினிகளில் சிலவற்றுக்குப் புதிய இடமே தேவைப்படாது. குளத்தில் மிச்சமிருப்பதைப் பார்த்து ஒரே கட்டளையில் எடுத்துக்கொள்ளலாம்.

எல்விஎம் இருந்தால் பிரிவு அட்டவணையைத் தொடாமலே இடம் சேர்க்கலாம். கணினிக்கு இரண்டாவது மெய்நிகர் வட்டொன்றைக் கொடுத்து, அதை முழுமையாகக் குளத்தில் சேர்ப்பது அந்த வழி. ஓடிக்கொண்டிருக்கும் முக்கியமான சேர்வருக்கு இதுவே பாதுகாப்பானது. அதன்பின் ஒரே தொகுதி இரு வட்டுகளில் பரவியிருக்கும் என்பதால், காப்புப்பிரதி எடுக்கும்போதும் வேறிடத்துக்கு நகர்த்தும்போதும் இரண்டையும் சேர்த்தே கையாள வேண்டும். ஒன்று போனால் மற்றதில் இருப்பதும் போய்விடும். மூடில் போன்ற தளத்துக்கு இன்னும் சிறந்த ஏற்பாடு, தொடக்கத்திலேயே கோப்புகளுக்கென்று தனி வட்டு வைப்பது. இயங்குதளத்தின் வட்டு சிறிதாகவே இருக்கும். வளர்வது ஒன்றுதான் என்பதால் அதை மட்டும் வளர்த்தால் போதும். பதிவேற்றங்கள் எல்லை மீறினாலும் இயங்குதளம் மூச்சுத் திணறாது.

கடைசி அடுக்கு கோப்பு முறைமை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் வழக்கமான எக்ஸ்ட்4 முறைமையை ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளை நீட்டும். கோப்புகள் பயன்பாட்டில் இருக்கும்போதே இது நடக்கிறது. மாணவர் ஒருவர் அந்நேரம் ஒப்படை அனுப்பிக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. ரெட் ஹாட் நிறுவனம் 2014இல் தன் லினக்ஸ் வெளியீட்டின் 7ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ் முறைமையை வழக்கமாக்கியது. அதற்குரிய கட்டளை எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ். அந்த முறைமை இணைக்கப்பட்டு இயங்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். முடிந்தபின் டிஎஃப் புதிய அளவைக் காட்ட வேண்டும். பராமரிப்புக்கென அறிவித்த நேரத்தில் கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்ப்பதும் அவசியம். எஃப்எஸ்டேப்பில் நீக்கிய பிரிவின் பெயர் மிஞ்சியிருந்தால், பரீட்சைக் காலத்து நள்ளிரவில் அல்லாமல் அப்போதே தெரிந்துவிடும்.

நீட்டுவதுபோல் சுருக்குவது எளிதல்ல. எக்ஸ்ட்4 முறைமையைச் சுருக்க அதன் இணைப்பை நீக்கி, பிழை சோதித்து, உள்ளிருந்து வெளியாக ஒவ்வோர் அடுக்கையும் குறைத்து வர வேண்டும். வெளியடுக்கை முதலில் குறைத்தால் கோப்பு முறைமையின் வால் வெட்டுப்பட்டுத் தரவு அழியும். எக்ஸ்எஃப்எஸ் முறைமையைச் சுருக்க நடைமுறையில் வழியில்லை. சிறிய வட்டொன்றை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குப் பிரதி செய்ய வேண்டியதுதான். அனுபவமுள்ள நிருவாகிகள் ஒரேயடியாக 500 ஜிகாபைட் சேர்க்காமல், வட்டு 80 சதவீதத்தைத் தொடும்போது எச்சரிக்கை வரும்படி அமைத்து, தேவைக்கேற்ப 50, 100 என்று கூட்டிச் செல்வது இதனால்தான்.