ஆதம் மலையும் தில்முன் தீவும்

ஒருவர் வளைகுடாவுக்குப் போகின்றார் என்றால், அவர் சொர்க்கத்துக்கே புறப்பட்டுவிட்டார் என ஊரார் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் முகவருக்குப் பணங்கட்டியோர் எம்மவருள் பலர். ஆயின், வளைகுடாவின் மாலுமிகளோ பல நூற்றாண்டுகளாகச் சுவர்க்கத்தின் தடத்தை எமது தீவிலேயே கண்டனர்.

அவர்கள் இலங்கையைச் 'செரந்தீப்' என்றழைத்தனர். சுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆதம், அத்தீவின் மலையுச்சியொன்றிலே வந்திறங்கினார் என்பது அவர்களிடை வழங்கிய மரபு. சைவர் சிவனொளிபாதம் என வணங்குவதும் அம்மலையைத்தான். ஆயிரத்தொரு இரவுகளின் சிந்துபாத் தனது ஆறாவது பயணத்திலே சென்றடைவதும் செரந்தீப்பையே.

1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா புத்தளக் கரையில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். அரசர் தமது முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்கலாம் என்றார். யாத்திரிகர் கேட்டதோ அப்பாதச்சுவட்டைத் தரிசிக்க வழித்துணை மட்டுமே. பல்லக்கும் ஆட்களும் கொடுத்தனுப்பினார் தமிழ் மன்னர். இருந்த இடத்தை இழந்து அந்நிய மண்ணில் கால் வைத்த முதல் மனிதரின் சுவட்டைக் காண அத்தனை தூரப் பயணம்! ஆதமை முதல் அகதி என்றாலும் தவறில்லை.

அதே நூற்றாண்டிலே வந்த பாப்பரசரின் தூதர் மரிஞ்ஞோல்லி, சுவர்க்கம் இலங்கையிலிருந்து நாற்பது மைல் தொலைவே என்றும், அதன் நீரூற்று விழும் ஓசை அங்கு கேட்கும் என்றும் ஊரவர் கூறியதாக எழுதிவைத்தார். கொழும்பிலே விசாவுக்கு வரிசையில் நின்றோர் இதனைப் படித்திருப்பின் என்ன சொல்லியிருப்பரோ!

வளைகுடாவுக்கும் தனக்கென ஒரு சொர்க்கம் உண்டு. அது செரந்தீப்பிலும் பழையது. சுமேரியரின் களிமண் ஏடுகள் 'தில்முன்' என்றொரு தூய நாட்டைப் பாடுகின்றன. அங்கே சிங்கம் கொல்லாது. நோயும் முதுமையும் இல்லை. இல்லாதிருந்தது நன்னீர் ஒன்றே. அதனையும் தெய்வம் வரவழைத்துக் கொடுத்தது. இன்றைய பஹ்ரெயினே தில்முனின் மையம் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. கடலடியிலே நன்னீர் ஊற்றுகள் பொங்கிய தீவு அது. முத்துக்குளிப்போர் மூழ்கித் தோற்பைகளிலே குடிநீர் நிரப்பி வந்தனர். ஆனால், முதுமையில்லா நாடெனப் பாடப்பட்ட அத்தீவிலே இன்று காணக்கிடைப்பவை கல்லறை மேடுகளே. 2019இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற தொகுதியில் மட்டும் 11,774 மேடுகள். அவை கி.மு. 2200க்கும் 1750க்கும் இடையில் எழுந்தவை.

கில்காமேஷ் காவியத்தின் நாயகன், இளமையை மீட்டுத்தரும் செடியைப் பறிக்கக் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்குகின்றான். மன்னார்ச் சலாபங்களின் கதை கேட்டு வளர்ந்தோர்க்கு இது புதிதன்று; எமது குளியாளரும் கல்லின் துணையோடுதான் இறங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வளைகுடாக் குளியாளர் அச்சலாபங்களுக்கு வேலை தேடி வந்தனர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அன்று பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் அவர்கள். பின்னர் யப்பானிய வளர்ப்பு முத்து அத்தொழிலைச் சாய்த்தது. 1932இல் பஹ்ரெயினில் எண்ணெய் கிடைத்தது. கப்பல்கள் திசை மாறின.

அதன் பின்னர் இந்தச் சொர்க்கத்தைப் பற்றிப் பாடியோர் அங்கு போனவரும் அவருக்காகக் காத்திருந்தவருமே. 1970களிலே கேரளத்தின் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய துபாய்க் கத்துப் பாட்டு, வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி வரையும் மடலாக அமைந்தது. பொன்னும் துணியும் வந்து சேர்ந்த வீட்டிலே ஆள் வராத துயரமே அதன் பொருள். கணவனின் மறுமொழியாக இன்னொரு பாட்டும் பிறந்தது.

புகலிடம் தேடும் வாசகர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரெயின், ஓமான் ஆகிய ஆறும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையாதவை. பெரும்பாலானோர்க்கு அங்கே வேலை உள்ளவரையே வாசம். கடவுச்சீட்டை முதலாளியிடம் பறிகொடுத்து நின்றோர் கதைகளை எம்மிற் பலர் உறவினர் வாயிலாகவே கேட்டிருக்கின்றோம்.

அக்கதைகளுள் ஒன்று 2008இல் நாவலாயிற்று. பென்யாமினின் 'ஆடுஜீவிதம்', சவூதிப் பாலைவனத்திலே ஆடுகளோடு ஆடாக அடைபட்ட ஒருவனின் கதை. 2024இல் திரைப்படமாகவும் வந்தது. அதனை எழுதிய காலத்திலே ஆசிரியர் தாமும் ஒரு வளைகுடாத் தொழிலாளர். அவர் அப்போது வாழ்ந்தது பஹ்ரெயினில், பழைய தில்முனில்.